வண்டிக்குப் பிறந்தநாள்

எனக்கு மோட்டார்க் கார் என்றால் உயிர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால், நான் கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு, "கார் இல்லாதவனுடைய வயிற்றெரிச்சல்" என்று அன்பர்கள் தீர்ப்புக் கூறிவிடக் கூடும். என் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய பிரீமியர் பத்மினி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதைத் துடைத்துப் பளபளக்கச் செய்வதில் எனக்கு உண்டாகும் ஆனந்தம் பூஜை அறையில் உண்டாவதில்லை என்பது என் மனைவியின் நெடுநாளைய குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு உண்மைதான். ஆகவே நான் இங்கே பேசுவது காரின் விரோதியாக அல்ல. காரின் அடிமையாக இருந்துகொண்டு, அடிமைகளுக்குள் ஒருவனாகத்தான் பேசுகிறேன்.

என்னைப் போன்ற பைத்தியங்கள் சேர்ந்து சென்னையில் ஒரு சிறு கூட்டம் வைத்திருக்கிறோம். அம்பாஸடர், பியட், பத்மினி, ஹெரால்டு என்று ஆளுக்கொரு கிழட்டு வண்டி. அந்தக் கூட்டம் தொடங்கிப் பத்து வருஷம் நிறைவதைத் தை மாதத்தில் வெளியூரில் கொண்டாடுவது என்று தீர்மானமாயிற்று. அறுபது கார்கள், இரண்டு இரவுகள். இடம் பார்த்து வருவதற்கு ஐந்து தொண்டர்கள் முன்வந்தார்கள். ஐவரில் நான் ஒருவன். தொண்டர் என்ற சொல்லுக்கு நம்முடைய பெரியவர்கள் கொடுத்த பொருள் வேறு. பிறருக்காகத் தன்னை மறந்தவன் என்று அவர்கள் நினைத்தார்கள். எங்கள் ஐவருக்கும் அது, செலவில்லாமல் ஓர் உல்லாசப் பிரயாணம் போய்வர அகப்பட்ட நல்ல பெயராக இருந்தது.

எந்த மலை என்பதுதான் கேள்வி. மலையா, சமவெளியா என்று யாரும் கேட்கவில்லை. விழா என்றால் மலை என்பது எப்படியோ எங்கள் எல்லாருடைய மூளையிலும் பதிந்துபோயிருந்தது. ஊட்டியும் கொடைக்கானலும் முதல் நிமிஷத்திலேயே அடிபட்டுப்போயின. காரணம், இ-பாஸ். அந்த இரண்டு மலைகளிலும் வண்டிகள் எறும்புச் சாரிபோல் ஏறி மூச்சுத் திணற வைக்கவே, சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7ஆம் தேதி முதல் அனுமதிச் சீட்டு இல்லாமல் போகக் கூடாது என்று ஏற்பாடு செய்தது. 2025ஆம் வருஷக் கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டிவிட்டார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

இதைக் கேட்டவுடன், "அடடா, மலைக்கு இவ்வளவு கஷ்டமா?" என்று நாங்கள் யோசித்தோமா? இல்லை. "இ-பாஸ் இல்லாத மலை எது?" என்று யோசித்தோம். ஒரு வீட்டில் பந்தி நிறைந்துவிட்டது என்று கதவைச் சாத்தினால், எதிர்வீட்டுக் கதவைத் தட்டுகிற விருந்தாளிகள் நாங்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டுக்கு 20, ஏலகிரிக்கு 14 என்று ஒரு நண்பர் மனப்பாடமாக ஒப்பித்தார். இன்னொரு நண்பர் மேஜையைத் தட்டி, "ஜவ்வாது மலை! இன்னும் கெட்டுப்போகாத மலை!" என்றார். அதோடு வாதம் முடிந்தது.

"கெட்டுப்போகாத" என்ற சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். மலையில் வசிக்கிறவன் தன் மலையை அப்படிச் சொல்லமாட்டான். போய்க் கெடுக்கப்போகிறவனுக்குத்தான் அந்தச் சொல் தேவைப்படுகிறது.

மார்கழி மாதத்தில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். வேலூர் தாண்டி, போளூரில் காப்பி சாப்பிட்டுவிட்டு, ஜமுனாமரத்தூர்ப் பாதையில் ஏறினோம். கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பகுதி ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்கள் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. அங்கே வாழ்கிற பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்து மலையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆளுகிறவர்கள், தமிழ்தான் பேசுகிறவர்கள். ஒரு காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியதாக அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. சாமை, தேன், புளி, பலா, நெல்லி ஆகியவை அந்த மலையின் செல்வம். சந்தனமும் உண்டு, ஆனால் சந்தனத்தால் மலைக்காரன் பெற்றது வாசனையைவிட வழக்குகளே அதிகம்.

எங்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் பன்னிரண்டு கேள்விகள். அறுபது கார்கள் நிற்கச் சமதளம் உண்டா? கூடாரம் அடிக்க மண் இளகியதா? கழிப்பறை வண்டி ஏறுமா? ஜெனரேட்டருக்கு டீசல் எங்கே கிடைக்கும்? செல்போன் டவர் எட்டுமா? சமையல் காண்ட்ராக்டர் வேலூரிலிருந்து வருவாரா? இப்படியே பன்னிரண்டு. நான்தான் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன். அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட அந்த ஊரில் குடியிருக்கிற மனிதர்களைப் பற்றியது அல்ல என்பது எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை. நாற்பது வருஷமாக மனிதர்களைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று பெயர்!

ஜமுனாமரத்தூருக்குச் சிறிது தூரத்தில், சாலை ஓரமாக, எங்கள் கனவில் கண்ட சமதளம் அகப்பட்டது. சாமை அறுவடையாகி, தாள் மட்டும் நின்ற நிலம். பக்கத்தில் சாணம் மெழுகிய களம். நண்பர்கள் காலடியால் அளந்தார்கள். வரிசைக்குப் பதினைந்து கார், நாலு வரிசை, கன கச்சிதம். அப்போது நிலத்துக்காரர் வந்து சேர்ந்தார். எழுபது வயதிருக்கும். மகன் காப்பித் தோட்ட வேலைக்குக் கர்நாடகம் போயிருப்பதாகவும், நிலத்தைத் தாமும் மருமகளுமே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். எங்கள் உத்தேசத்தைக் கேட்டுவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"இத்தினி வண்டியும் எதுக்கு சார் மேல வருது?"

"எங்க சங்கம் ஆரம்பிச்சுப் பத்து வருஷம் ஆச்சு, பெரியவரே. அதுக்கு ஒரு விழா."

"இன்னா சங்கம்?"

"பழைய கார் வெச்சிருக்கிறவங்க சங்கம்."

பெரியவர் எங்கள் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அப்போ, வண்டிக்குப் பொறந்தநாளா?" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"அறுபது வண்டியும் திரும்பக் கீழ போயிடுமா?"

கூட்டத்தைக் கண்டு பயப்படுகிறார் என்று எண்ணி, நண்பர் தேறுதல் சொன்னார்: "கண்டிப்பாப் போயிடும். ரெண்டே ராத்திரிதான். ஒரு வண்டிகூட இங்கே நிற்காது."

"ஒண்ணையாச்சும் உட்டுட்டுப் போனா நல்லாருக்கும் சார்" என்றார் பெரியவர். "ராத்திரியில யாருக்காச்சும் நோவு வந்தா இறக்கிக்கினு போவ."

நோட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். பெரியவர் பரிகாசமாகச் சொல்லவில்லை என்பதை நினைவில் வையுங்கள். எங்களுக்கு அறுபது வண்டி, அவருக்கு ஒன்று. கணக்கு அவ்வளவு எளிமையானது.

2023ஆம் வருஷம் மே மாதத்தில், இதே மலைத்தொடரில், வேலூர் மாவட்டத்து அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் நடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே குழந்தை இறந்துபோயிற்று. பிரேதப் பரிசோதனை முடிந்து, உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ், மேலே சாலை இல்லாமையால் பாதி வழியில் இறக்கிவிட்டுத் திரும்பியது. பெற்ற தாய் குழந்தையின் உடலைக் கைகளில் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் நடந்தாள். அந்தப் படம் வெளிவந்தபோது தமிழ்நாடே தலை குனிந்தது. நானும் குனிந்தேன். குனிந்த தலையை ஒரு வாரத்தில் நிமிர்த்திக்கொண்டு, வளைவுகள் நிறைந்த நல்ல மலைப் பாதை எங்கே இருக்கிறது என்று தேடக் கிளம்பிவிட்டேன்.

மலைச் சாலையை நாங்கள் ஏன் காதலிக்கிறோம்? அது வளைவதால். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது கைக்கு ஒரு சுகம். கியர் மாற்றும்போது காதுக்கு ஒரு சங்கீதம். மலைக்காரன் சாலையை ஏன் கேட்கிறான்? பிரசவ வலி கண்ட பெண்ணைத் தூளி கட்டித் தூக்காமல் இருப்பதற்காக. வெவ்வேறு காரணத்துக்காக இருவர் ஒரே பொருளை விரும்பலாம். அதில் பாவம் இல்லை. ஆனால் அவன் உயிருக்காகக் கேட்ட சாலையை நாங்கள் விளையாட்டுக்காக அடைத்துக்கொண்டு நிற்பது நியாயமா? குறுகிய மலைப் பாதையில் அறுபது கார்கள் ஊர்வலமாக ஏறுகிற அந்த ஒரு மணி நேரத்தில் எதிரே ஓர் ஆம்புலன்ஸ் இறங்க வேண்டியிருந்தால் என்ன செய்வது? எங்கள் பன்னிரண்டு கேள்விகளில் இது இல்லை.

இதைத் திரும்பி வரும் வழியில் நண்பர்களிடம் சொன்னேன். காருக்குள் கலகம் மூண்டது. அவர்கள் முரடர்கள் அல்ல, படித்தவர்கள், இரக்கமுள்ளவர்கள். ஆகவே அவர்களுடைய ஆட்சேபணைக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். "நாம் போனால்தானே அந்த ஜனங்களுக்கு நாலு காசு கிடைக்கும்? யாருமே போகாவிட்டால் அவர்கள் ஏழைகளாகவே இருக்க வேண்டியதுதானா?" என்று கேட்டார்கள்.

கனமான கேள்விதான். மலையின் ஏழ்மையை நான் மறுக்கவில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். கூலிக்காக உயிரைப் பணயம் வைக்கிற ஊருக்குக் காசு வேண்டாம் என்று எவன் சொல்வான்? ஆனால் எங்கள் விழாவின் காசு எங்கே போகிறது என்று பார்ப்போம். கூடாரம் சென்னையிலிருந்து. சமையல் வேலூரிலிருந்து. தண்ணீர் கேன் போளூரிலிருந்து. டீசல் சமவெளியிலிருந்து. பாட்டுப் பெட்டியும் பாடகரும் பெங்களூரிலிருந்து. மலைக்காரருக்கு மிஞ்சுவது இரண்டு நாள் நில வாடகை; அதோடு, நாங்கள் இறங்கிய பிறகு பொறுக்குவதற்கு ஐந்நூறு பிளாஸ்டிக் பாட்டில். இதற்குத் தர்மம் என்று பெயர் வைத்துக்கொண்டு நாம் நிம்மதியாகத் தூங்கலாம். அந்த நிலத்தில் அறுபது காரின் பாரம் ஏறி இறுகிய மண்ணை அடுத்த ஆடியில் அந்தப் பெரியவரும் மருமகளும் உழுது பார்க்கட்டும். அப்போது தெரியும் யாருக்கு யார் தர்மம் செய்தது என்பது.

இடம் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வேண்டுமானால், அதே மலையில் அதற்கு ஓர் உத்தமமான உதாரணம் இருக்கிறது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகிற பாதையில் காவலூர். விஞ்ஞானி வைணு பாப்பு 1960இல் கொடைக்கானல் வான் ஆய்வுக்கூடத்தின் தலைவராக வந்தார். சூரியனைப் பார்க்கக் கொடைக்கானல் போதும். நட்சத்திரங்களைப் பார்ப்பதற்கு அங்கே மேகமில்லாத இரவுகள் குறைவு. ஆகவே அவர் தென்னாட்டில் வேறு இடம் தேடினார். அவரும் ஒரு மலையைத்தான் தேடினார்; அவரிடமும் கேள்விகள் இருந்தன. தெளிந்த இரவுகள் எத்தனை? ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு இருக்கிறதா? பூமத்திய ரேகைக்குப் பக்கமாக இருந்து, வடவானத்தோடு தென்வானமும் தெரியுமா? அந்த மலை எதைக் கொடுக்கிறதோ அதைக் கேட்டார். எதைக் கெடுக்காமல் இருக்க வேண்டுமோ அதையும் கேட்டார். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு வேலை ஆரம்பமாயிற்று. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அந்த வருஷமே வியாழனின் சந்திரனான கானிமீடைச் சுற்றி மெல்லிய வாயு மண்டலம் இருப்பதற்கான தடயம் அங்கே கிடைத்தது. 1977இல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்களைக் கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர்த் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6ஆம் தேதி ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார். அதைப் பார்க்கப் பாப்பு இல்லை, 1982இலேயே காலமாகிவிட்டார். அவர் பெயர் அந்த இடத்துக்கு நிலைத்திருக்கிறது.

அந்த மனிதர் இருட்டைத் தேடி அங்கே போனார். நாங்கள் 120 ஹெட்லைட்டுகளோடு போகத் திட்டம் போட்டோம். அதுவும் எப்போது? வானம் துடைத்துவைத்தாற்போல் இருக்கிற தை மாதத்தில். சுற்றியுள்ள ஊர்களின் வெளிச்சம் வளர வளர, காவலூர் வானம் வெளுத்துக்கொண்டு வருகிறது. மிச்சமிருக்கிற இருட்டையும் இரண்டு இரவு நாங்கள் ஜெனரேட்டர் வைத்து விரட்டியிருப்போம். எங்கள் நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது அயிட்டம் என்ன தெரியுமா? "நட்சத்திரங்களின் கீழே இன்னிசை!"

சரி, ஆண்டு விழா என்றால் என்ன? ஒரு பொருள் பிறந்த நாளையும், பிறந்த இடத்தையும் நினைப்பது. இங்கிலாந்தில் 1896 வரையில், ஓடுகிற காருக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போக வேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்த வருஷம் நவம்பர் 14ஆம் தேதி சட்டம் மாறியது. மணிக்கு 14 மைல் வரை போகலாம் என்று அனுமதி கிடைத்தது. அன்றைக்கே கார்க்காரர்கள் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஊர்வலம் விட்டார்கள். அதன் நினைவாக 1927இலிருந்து, யுத்தம் போன்ற சில இடைவெளிகள் நீங்கலாக, 1905க்கு முன் பிறந்த கிழட்டுக் கார்கள் வருஷந்தோறும் அதே ஊரிலிருந்து அதே ஊருக்குப் போகின்றன. காட்டையும் மலையையும் தேடிக்கொண்டு அவர்கள் போகவில்லை. தங்களுக்கு உரிமை கிடைத்த சாலையிலேயே ஓட்டுகிறார்கள். வழியெல்லாம் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

நமக்கு அப்படி ஓர் இடம் இல்லையா? காருக்குச் சொந்த ஊர் என்று இந்தியாவில் ஒன்று இருக்குமானால் அது சென்னையல்லவா? 1903இல் சிம்ஸன் கம்பெனி நீராவிக் கார் செய்து ஓட்டியது இங்கே. ஹெரால்டு கார் பிறந்தது வண்டலூரில். சோழவரத்தில் யுத்தகாலத்து விமான ஓடுபாதையில் வருஷக்கணக்காகப் பந்தயம் நடந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே பாதை கட்டினார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தடுக்கி விழுந்தால் கார்த் தொழிற்சாலையில்தான் விழ வேண்டும். தார்த் தரை, கழிப்பறை, வெளிச்சம், ஆஸ்பத்திரி எல்லாம் அங்கே தயாராக இருக்கின்றன. எங்கள் பன்னிரண்டு கேள்விகளுக்கும் அங்கே பதில் உண்டு; பதின்மூன்றாவது கேள்விக்கு அங்கே அவசியம் இல்லை. இவ்வளவையும் விட்டுவிட்டு, கார் இல்லாத ஊருக்குப் போய்த்தான் காரின் பெருமையைக் கொண்டாட வேண்டுமா? சாப்பாடு இல்லாதவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விருந்து சாப்பிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மலைக்கு யாருமே போகக் கூடாது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். போங்கள். விருந்தாளியாகப் போங்கள். விருந்தாளி என்றால் அந்த வீட்டில் எத்தனை இலை போட முடியும் என்று தெரிந்துகொண்டு போகிறவன். நாலு பேர் போகலாம். எட்டுப் பேர் போகலாம். பஸ் போகிறது. அவர்கள் சாமையைச் சமைத்துக் கொடுத்தால் விலை கொடுத்துச் சாப்பிடலாம். தேனை அவர்கள் சொல்லும் விலைக்கே, பேரம் பேசாமல் வாங்கலாம். அந்தக் காசு மலையிலேயே தங்கும். அறுபது காரோடு போவது விருந்துக்குப் போவதல்ல, தண்டெடுத்துப் போவது.

காருக்கு முன்னால் ஓர் ஆள் நடக்க வேண்டும் என்ற அந்தப் பழைய ஆங்கிலச் சட்டத்தைப் படித்து முன்பெல்லாம் நான் விழுந்து விழுந்து சிரித்ததுண்டு. மலைகளைப் பொறுத்தவரையில் அதைத் திரும்பக் கொண்டுவந்தால் நல்லது என்று இப்போது தோன்றுகிறது. அந்த ஆள் கொடி ஒன்றும் பிடிக்க வேண்டியதில்லை. முன்னால் நடந்து போய், "அம்மா, ஐயா, நாங்கள் இத்தனை பேர் வருகிறோம், வரலாமா?" என்று ஊரைக் கேட்டுவிட்டு வந்தால் போதும். தொண்டர் செய்ய வேண்டிய தொண்டு அதுதான். நாங்கள் ஐவரும் சமதளத்தை அளந்தோமே தவிர, அதைச் செய்யவில்லை.

கூட்டத்தில் வோட்டெடுத்தார்கள். ஐவரில் நால்வர் மலைக்கு. நான் ஒருவன் சமவெளிக்கு. ஜனநாயகத்துக்கு நான் கட்டுப்பட்டவன்; ஆனால் என் பத்மினி கட்டுப்பட்டதல்ல. விழா நாளன்று அது கொட்டகையிலேயே நிற்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐம்பத்தொன்பது கார்கள் போவதால் மலை பிழைத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் என் கடிதம் போன ஒரு வாரத்துக்குள் இன்னும் பதினோரு பேர் தங்கள் வண்டியும் வராது என்று எழுதியிருக்கிறார்கள். தீர்மானத்தை மறுபடி யோசிக்க ஒரு கூட்டம் கூட்டியிருப்பதாக நேற்றுத் தகவல் வந்தது.

கூட்டத்தின் முடிவு எதுவானாலும் ஆகட்டும். நான் தை பிறந்ததும் போளூரில் பஸ் ஏறப் போகிறேன். அந்தப் பெரியவரிடம் சாமை வாங்க வேண்டும். வண்டியின் பிறந்தநாள் என்ன ஆயிற்று என்று அவர் நிச்சயம் கேட்பார். அவருக்குச் சொல்வதற்கு ஒரு நல்ல பதிலாகப் பார்த்துக் கொடுத்து அனுப்புங்கள் என்றுதான் அந்தக் கூட்டத்தாரை, இந்தக் கட்டுரையின் மூலமாக, கேட்டுக்கொள்கிறேன்.